மனம் மாறுகிறவன்: கிளாட் ரெய்ன்ஸின் திரை வாழ்க்கை

இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நட்சத்திரத்தைப் பற்றி அல்ல. துணை நடிகருக்கான ஆஸ்கர் விருதுக்கு நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டு, நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பிய கிளாட் ரெய்ன்ஸ் என்ற ஆங்கிலேய நடிகரைப் பற்றி. பெயர் நினைவில்லாதவர்களுக்கும் ‘காசாபிளாங்கா’வில் சீருடையும் சிறு மீசையுமாக வரும் காவல்துறைத் தலைவர் ரெனோவின் முகம் நினைவிருக்கும். துணை நடிகர் என்றால் நாயகனுக்குப் பின்னால் நின்று கதைக்கு நிறம் சேர்ப்பவர் என்றே நாம் பொதுவாக எண்ணுகிறோம். 1930களிலும் 1940களிலும் ஹாலிவுட் தயாரித்த மிகச் சிறந்த சில படங்களில் நிலைமை அப்படி இல்லை என்பது என் வாதம். அந்தப் படங்களில் நாயகன் மாறுவதில்லை. மாற அவனுக்கு அனுமதி இல்லை. நன்மைக்கும் தீமைக்கும் நடுவில் நின்று தடுமாறி, கடைசியில் ஒரு பக்கம் சாயும் வேலை துணைப் பாத்திரத்தின் தலையில் விழுந்தது. ஒரு படத்தின் அறச்சிக்கல் எந்த மனிதனுக்குள் நடக்கிறதோ அவனே அதன் மையம் என்றால், ரெய்ன்ஸ் பல படங்களில் மையத்தில் இருந்தார்.

நாயகன் ஏன் மாற முடியவில்லை என்பதை முதலில் பார்க்க வேண்டும். அன்றைய ஸ்டுடியோக்கள் நடிகர்களை ஏழாண்டு வரை நீளும் ஒப்பந்தங்களில் கட்டிவைத்திருந்தன. பெரிய ஸ்டுடியோக்களுக்குச் சொந்தமாகத் திரையரங்குகளும் இருந்தன. ஆண்டுக்குப் பல டஜன் படங்களை அந்த அரங்குகளுக்கு அனுப்பும் தொழிலில், நட்சத்திரத்தின் முகமே சரக்குக்கு உத்தரவாதம். சென்ற படத்தில் பார்த்த அதே மனிதனை அடுத்த படத்திலும் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில்தான் சீட்டு விற்றது. அந்த நம்பிக்கையைக் கெடுக்கும் கதை வந்தால் கதைதான் வளைந்துகொடுக்க வேண்டும். 1941இல் ஹிட்ச்காக் இயக்கிய ‘சஸ்பிஷன்’ இதற்கு நல்ல சான்று. அதற்கு அடிப்படையான நாவலில் கணவன் கொலைகாரன். படத்தில் கணவனாக நடித்தவர் கேரி கிராண்ட். ஆகவே அவன் குற்றமற்றவனாகிவிட்டான். கேரி கிராண்டைக் கொலைகாரனாகக் காட்ட ஸ்டுடியோ விரும்பவில்லை என்று ஹிட்ச்காக்கே பிற்காலத்தில் சொன்னார். இதோடு 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த தயாரிப்பு ஒழுக்க விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். குற்றத்தின் மீது பார்வையாளருக்கு அனுதாபம் பிறக்கக் கூடாது, தவறு செய்தவன் தண்டனை அடைய வேண்டும் என்று அவை வற்புறுத்தின. நாயகன் நல்லவனாகவே தொடங்கி நல்லவனாகவே முடிய வேண்டும். வில்லன் கெட்டவனாகவே விழ வேண்டும். இரண்டு பக்கமும் இப்படிச் சுவர் எழுப்பிய பிறகு, மனிதன் உண்மையில் வாழும் கலங்கிய நிலத்தில் நடமாட ஒருவன் தேவைப்பட்டான். அவன் பெயர் சுவரொட்டியில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருந்தால் யாருக்கும் நட்டமில்லை.

அந்த இடத்துக்கு ரெய்ன்ஸ் வந்து சேர்ந்த வழி விசித்திரமானது. 1889இல் லண்டனில் பிறந்தவர். பத்து வயதையொட்டி மேடையேறி, பிறகு ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ நடத்திய நாடகக் குழுவில் நடிகர்களைக் காட்சிக்குக் கூப்பிட்டு அனுப்பும் எடுபிடிப் பையனாக வேலை பார்த்தார். பேச்சில் தென் லண்டன் தெருவின் கொச்சையும் நாக்குக் குழறலும் இருந்தன. ட்ரீ உச்சரிப்புப் பயிற்சிக்குப் பணம் கொடுத்து அனுப்பினார். பின்னாளில் உலகமே வியந்த அந்தக் குரல் பிறப்பில் வந்தது அல்ல. உட்கார்ந்து உழைத்துச் செய்துகொண்டது. முதல் உலகப் போரில் நச்சுவாயுத் தாக்குதலில் ஒரு கண்ணின் பார்வையைப் பெரும்பாலும் இழந்து, கேப்டனாகத் திரும்பினார். லண்டனின் அரச நாடகக் கல்விக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது ஜான் கீல்குட், சார்ல்ஸ் லாட்டன் போன்றோர் அவரிடம் படித்தார்கள். 1920களின் பிற்பாதியில் நியூயார்க் மேடைக்குப் போனார். அவரைத் திரை கண்டெடுத்தது 1933இல், ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘இன்விசிபிள் மேன்’ படத்தில். அப்போது அவருக்கு வயது 44. படம் முழுக்க முகத்தில் கட்டுத்துணி, அல்லது வெறும் காற்று. முகம் தெரிவது சாகும்போது சில நொடிகள் மட்டுமே. அகந்தை, பித்து, அச்சம், காதலியிடம் கெஞ்சல் எல்லாவற்றையும் குரல் ஒன்றே சுமந்தது. இதை ஒரு வேடிக்கையான தொடக்கமாகச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு இது அவருடைய கலைக்கே திறவுகோலாகப் படுகிறது. குரலை முகத்திலிருந்து தனியே பிரித்து ஒரு முழுப் படத்தை நடத்தியவருக்கு, முகம் திரும்பக் கிடைத்தபோது இரண்டு கருவிகள் கைக்கு வந்தன. குரல் ஒன்றைச் சொல்லும். முகம் வேறொன்றை ஒப்புக்கொள்ளும். உள்ளுக்குள் பிளவுபட்ட மனிதனைக் காட்ட இதைவிடப் பொருத்தமான பயிற்சி இருக்க முடியாது.

1930களின் நடுவில் வார்னர் பிரதர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்குப் பல படங்கள். இளவரசர், மருத்துவர், வழக்கறிஞர், இசை ஆசிரியர் என்று கைக்கு வந்ததெல்லாம். அவற்றில் பல இன்று பார்க்கத் தகுதியற்றவை, அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1939இல் கொலம்பியா ஸ்டுடியோவுக்காக ஃப்ராங்க் காப்ரா எடுத்த ‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ படத்தில்தான் அந்தப் பிளவுபட்ட மனிதன் முழு உருவம் பெறுகிறான். ஜெஃபர்சன் ஸ்மித் என்ற கள்ளமறியாத இளைஞனாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட். அவன் தந்தைபோல் வணங்கும் மூத்த செனட்டர் ஜோசப் பெய்னாக ரெய்ன்ஸ். ஸ்மித்தின் அப்பா ஒரு சிறு பத்திரிகை ஆசிரியர். சுரங்க நிறுவனம் ஒன்றை எதிர்த்து எழுதியதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர். பெய்ன் அவருடைய இளமைக்கால நண்பர், கொள்கைத் தோழர். அந்தக் கொள்கைகளை எப்போதோ அடகு வைத்துவிட்டு, டெய்லர் என்ற அரசியல் முதலாளியின் கைப்பாவையாக வாழ்கிறார். இருவரும் வாஷிங்டனுக்கு ரயிலில் போகும் காட்சியில் ஸ்மித் தன் அப்பாவின் சாவைப் பற்றிப் பேசுகிறான். தனி மனிதன் பெரிய நிறுவனத்தை எதிர்த்து அதிக தூரம் போக முடியாது போலிருக்கிறது என்று வெகுளியாகச் சொல்கிறான். ரெய்ன்ஸ் அதை ஆமோதிக்கிறார். ஆமோதிக்கும் குரலில் அனுபவசாலியின் அமைதி. கண்கள் மட்டும் இளைஞனிடம் நிற்க முடியாமல் விலகுகின்றன. இப்படித் தனக்குள் விலகிப்போன ஒரு மனிதன் அங்கே உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்துவிடுகிறோம், ஸ்மித் பார்ப்பதில்லை.

படத்தின் முடிவைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தன் மீது சுமத்தப்பட்ட பொய்க் குற்றச்சாட்டை முறியடிக்க ஸ்மித் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் செனட்டில் நின்றபடி பேசுகிறான். அவனுக்கு எதிராக வரவழைக்கப்பட்ட தந்திகள் கூடை கூடையாக வந்து குவிகின்றன. அவன் மயங்கி விழுகிறான். நாயகனின் வேலை அதோடு முடிந்துவிட்டது. அவன் தோற்றுவிட்டான், தரையில் நினைவிழந்து கிடக்கிறான். கதையை முடித்துவைப்பவர் பெய்ன். அவைக்கு வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைப் பிறர் தடுக்கிறார்கள். அவர் உள்ளே ஓடிவந்து, குற்றவாளி தான்தான் என்று கத்துகிறார். அமெரிக்க ஜனநாயகத்தைப் போற்றும் படங்களில் முதலிடத்தில் வைக்கப்படும் ஒரு படம், ஒரு கெட்டுப்போன மனிதனின் மனச்சான்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெய்ன் வாய் திறந்திருக்காவிட்டால் நியாயம் செத்திருக்கும்.

இந்தத் திருப்பம் நம்பும்படி இல்லை, இரண்டு மணி நேரப் படத்தை ஒரே நிமிடத்தில் அவசரமாக முடித்திருக்கிறார்கள் என்று குறை சொல்வோர் உண்டு. எழுத்தில் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. பெய்ன் மாறப்போகிறார் என்பதற்கு வசனத்தில் முன்னேற்பாடு மிகக் குறைவு. டெய்லரிடம் இரண்டொரு முறை முரண்டுபிடித்துவிட்டு அடங்கிப்போகிறார், அவ்வளவுதான். முன்னேற்பாடு முழுக்க ரெய்ன்ஸின் முகத்தில் இருக்கிறது. ஸ்மித் பேசும்போதெல்லாம் காப்ரா பெய்னைக் காட்டுகிறார். இறுகும் தாடை, கீழே தாழும் இமை, மேசை மீதுள்ள காகிதங்களில் தஞ்சம் புகும் பார்வை என்று அந்த மனிதர் பேசாமலே பாதி வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டார். கடைசியில் வரும் கூச்சல் மீதிப் பாதி. இங்கிருந்தே இன்னொரு மறுப்புக்கும் பதில் கிடைக்கிறது. மாற்றத்தை எழுதியவர் திரைக்கதையாசிரியர், அதைப் படமாக்கியவர் இயக்குநர், நடிகருக்கு ஏன் இத்தனை புகழ் என்று கேட்கலாம். எழுத்தாளரும் இயக்குநரும் ஒரு மாற்றம் வேண்டும் என்று தீர்மானிக்க முடியும். எழுதப்படாத இடங்களில் அதை நிகழ்த்தி வைப்பது நடிகர் மட்டுமே. பெய்னின் பாத்திரத்தைக் குரல் வளமுள்ள ஒரு வழக்கமான வில்லனிடம் கொடுத்திருந்தால், குறை சொல்வோர் சொல்வது முழு உண்மையாகியிருக்கும்.

அடுத்தது ‘காசாபிளாங்கா’. இங்கே என் வாதத்துக்கு வலுவான ஓர் எதிர்ப்பு காத்திருக்கிறது. யாருக்காகவும் கழுத்தை நீட்டாத ரிக், காதலையே விட்டுக்கொடுக்கும் தியாகியாக மாறுகிறானே, அவனாக நடித்த ஹம்ஃப்ரி போகார்ட் நட்சத்திரம்தானே என்று கேட்பீர்கள். படத்தின் தொடக்கத்துக்குப் போவோம். ரிக் 1935இல் எத்தியோப்பியாவுக்கு ஆயுதம் கடத்தினான், 1936இல் ஸ்பெயினில் குடியரசுப் படையோடு நின்றான் என்ற செய்தி ஆரம்பக் காட்சிகளிலேயே நமக்கு வந்துவிடுகிறது. ரிக் வெளியே காட்டிக்கொள்வதுபோல் கல்நெஞ்சன் அல்ல என்று அவன் முகத்துக்கு நேரே சொல்பவர் ரெனோ. ஆக, ரிக் மாறவில்லை. தான் முன்பு இருந்த இடத்துக்கே திரும்புகிறான். காயம் ஆறிய நட்சத்திரம் மீண்டும் நட்சத்திரமாகிறான். ரெனோவுக்கு அப்படி ஒரு முன்கதை கிடையாது. காற்றடிக்கும் பக்கம் சாய்வதே தன் கொள்கை என்று வெளிப்படையாகச் சொல்பவர். வெளியேறும் அனுமதிச்சீட்டுக்கு ஈடாக அகதிப் பெண்களிடம் எதைக் கேட்கிறார் என்பதைத் தணிக்கையாளர்களின் எதிர்ப்பால் படம் நேராகச் சொல்ல முடியவில்லை; ரெய்ன்ஸின் குரலில் ஊறும் இனிமை அதைச் சொல்லிவிடுகிறது. சூதாட்டம் நடப்பதாகக் குற்றம் சாட்டி ரிக்கின் விடுதியை மூடிவிட்டு, அடுத்த நொடியே அதே சூதில் தான் வென்ற பணத்தை வாங்கிப் பையில் போடுகிறார். இந்த மனிதருக்குத் திரும்பிப் போக ஒரு நல்ல கடந்தகாலம் இல்லை. விமானநிலையத்தில் ஜெர்மானிய மேஜர் ரிக்கால் சுடப்பட்டுக் கிடக்க, காவலர்கள் வந்து நிற்க, ரெனோ ஒரு கணம் ரிக்கைப் பார்க்கிறார். பிறகு வழக்கமாகச் சந்தேகிக்கப்படும் ஆட்களைப் பிடித்துவரச் சொல்கிறார். ஜெர்மனிக்குப் பணிந்த பிரெஞ்சு அரசின் இருப்பிடமான விஷி நகரின் பெயர் ஒட்டிய தண்ணீர்ப் புட்டியைக் குப்பைக்கூடையில் போட்டு எட்டி உதைக்கிறார். படத்தில் உண்மையாகவே கட்சி மாறியவர் அவர் ஒருவர்தான்.

இதை வெறும் கதைத் தந்திரம் என்று ஒதுக்க முடியாது. படத்துக்கு மூலமான, மேடையேறாத நாடகத்தில் ரிக் கடைசியில் ஜெர்மானியரிடம் சரணடைகிறான். ரெனோவின் இந்தத் திருப்பம் படத்துக்காகப் பிறந்தது. படப்பிடிப்பு நடந்தது 1942 கோடையில். நவம்பர் 8 அன்று நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. காசாபிளாங்காவுக்கு அருகிலும் அவை இறங்கின. நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அந்த வாரங்களில் விஷி அரசுக்குப் பணிந்திருந்த பிரெஞ்சு அதிகாரிகள் எந்தப் பக்கம் நிற்பது என்று உண்மையிலேயே முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள். ரிக் போன்ற வீரர்களைப் பற்றி உலகத்துக்கு ஐயம் இருக்கவில்லை. உலகம் காத்திருந்தது ரெனோ போன்றவர்களின் முடிவுக்காக. பிழைப்புக்காக வளைந்துபோன சாதாரண அதிகாரி ஒருவர் நிமிர முடியுமா என்ற கேள்வியை அந்தப் படம் கேட்டது; கேட்கும் பொறுப்பை ரெய்ன்ஸிடம் கொடுத்தது.

எனக்குச் சாதகமான படங்களை மட்டும் பொறுக்கியெடுக்கிறேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. 1938இன் ‘ராபின் ஹுட்’ படத்தில் அவர் நடித்த இளவரசர் ஜான் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கயவன். மிகுந்த உற்சாகத்தோடு நடித்திருக்கிறார், ஆனால் அதில் மனப்போராட்டம் எதுவும் இல்லை. ‘நவ், வாயேஜர்’ மருத்துவர் ஜாக்வித் மாறாத நல்லவர். இன்னும் கடினமான எதிர்ச்சான்று 1944இல் வந்த ‘மிஸ்டர் ஸ்கெஃபிங்டன்’. அதற்கும் அவர் பரிந்துரைக்கப்பட்டார். அங்கே மனைவியாக வரும் பெட் டேவிஸ்தான் அழகையும் செருக்கையும் இழந்து வேறொருத்தியாகிறார். நாஜி முகாமிலிருந்து பார்வையிழந்து திரும்பும் யூதக் கணவராக ரெய்ன்ஸ் அசையாமல் நிற்கிறார். இந்த எதிர்ச்சான்றை நான் ஏற்கிறேன். அதனால் என் வாதம் கொஞ்சம் திருத்தம் பெறுகிறது. மாற்றம் துணைப் பாத்திரத்துக்கே உரியது என்பதை ஒரு விதியாகச் சொல்ல முடியாது. நட்சத்திரம் தன் பிம்பத்தைப் பணயம் வைக்க மறுக்கும் இடங்களில் அது துணைப் பாத்திரத்திடம் போய்ச் சேர்கிறது. பெட் டேவிஸ் மறுக்காதவர். வேடங்களுக்காக 1936இலேயே வார்னர் பிரதர்ஸோடு நீதிமன்றம் வரை மோதியவர். திரையில் அசிங்கமாகத் தெரியவும் தயங்காதவர். ஆண் நட்சத்திரங்களில் அந்தத் துணிச்சல் அன்று மிக அரிதாக இருந்தது.

கேரி கிராண்டும் ஹிட்ச்காக்கும் ‘சஸ்பிஷ’னுக்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1946இல் ‘நொட்டோரியஸ்’ படத்தில் மீண்டும் இணைந்தபோது, கிராண்டால் தாங்க முடியாத இருள் முழுவதும் ரெய்ன்ஸிடம் வந்தது. ரியோ நகரில் யுரேனியம் பதுக்கும் நாஜிக் கூட்டத்தைச் சேர்ந்த அலெக்ஸ் செபாஸ்டியன் அவர். கிராண்ட் நடித்த அமெரிக்க உளவாளி டெவ்லின் தான் காதலிக்கும் பெண்ணையே செபாஸ்டியனிடம் அனுப்பி, மணக்கவும் விடுகிறான். யார் அவளை மனமார நேசிக்கிறார் என்று கேட்டால், படத்தின் பெரும்பகுதியில் விடை செபாஸ்டியன்தான். நாஜியின் மீது, அதுவும் போர் முடிந்த மறு ஆண்டில், ஓர் அமெரிக்கப் படம் இவ்வளவு இரக்கம் காட்டத் துணிந்தது வியப்புக்குரியது. ரெய்ன்ஸ், அந்தப் பெண்ணாக நடித்த இங்க்ரிட் பெர்க்மனைவிட உயரம் குறைந்தவர். சில காட்சிகளில் அவரை மேடேற்றி நிற்கவைத்துப் படமெடுத்தார்கள். ஆனாலும் அந்தக் குள்ளம் முழுதாக மறையவில்லை. தன் தகுதிக்கு மீறிய மனைவி கிடைத்துவிட்டாள் என்று உள்ளூர அஞ்சும் மனிதனாக அவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார். மனைவி உளவாளி என்று அறிந்த விடியற்காலையில் தாயின் படுக்கையருகே போய் உட்கார்ந்து அதைச் சொல்லும் காட்சியைப் பாருங்கள். கோபம் இல்லை. அவமானத்தில் வயதே கூடிப்போன முகம், அம்மாவிடம் உதவி கேட்கும் சிறுவனின் குரல். பிறகு இருவருமாக மனைவிக்கு மெல்ல மெல்ல நஞ்சு கொடுக்கிறார்கள். இரக்கத்தைத் தூண்டிய மனிதனே கொலைக்குத் துணிகிறான், அப்போதும் நம் இரக்கம் முழுவதும் வடிந்துவிடுவதில்லை. ஒழுக்க விதிகள் எதை நடக்கவிடக் கூடாது என்று எழுதப்பட்டனவோ அதுவே இங்கே நடந்திருக்கிறது.

கடைசிக் காட்சியில் டெவ்லின் அவளைத் தாங்கியபடி மாடிப்படி இறங்குகிறான். கீழே செபாஸ்டியனின் கூட்டாளிகள். அவர்களிடம் உண்மை சொன்னால் டெவ்லினோடு தானும் சாக வேண்டும். சொல்லாவிட்டால் அவளை இழக்க வேண்டும். சின்னத் தவறு செய்த ஒருவனையே அந்தக் கூட்டம் முன்பு தீர்த்துக்கட்டியதை அவர் அறிவார். படிக்குப் படி அந்த முகத்தில் முடிவுகள் தோன்றி அழிகின்றன. காரில் தனக்கும் இடம் கேட்டுக் கெஞ்சுகிறார். டெவ்லின் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறான். காதலர்கள் சென்றபிறகும் ஹிட்ச்காக் அங்கேயே நிற்கிறார். செபாஸ்டியன் திரும்பி, தன் சாவு காத்திருக்கும் வீட்டுக்குள் நடந்து போகிறார், கதவு மூடுகிறது, படம் முடிகிறது. முகம் தெரியாமல் தொடங்கிய நடிகர் இங்கே முதுகைக் காட்டியே ஒரு படத்தை முடித்துவைக்கிறார். காதலர்கள் தப்பியதன் விலை என்ன என்று நாம் அறிவது அந்த முதுகிலிருந்துதான்.

அப்படியானால் அவரே நாயகனாக நடித்திருக்கலாமே என்ற கேள்வி எழும். நடித்தார். இங்கிலாந்தில் பெரும் செலவில் எடுக்கப்பட்டு 1945இல் வெளிவந்த ‘சீசர் அண்ட் கிளியோபாட்ரா’வில் விவியன் லீக்கு இணையாக அவர்தான் சீசர். எல்லாம் அறிந்த, எதிலும் சஞ்சலப்படாத பெருமகன். குறை சொல்ல முடியாத நடிப்பு, ஆனால் அவருடைய சிறந்த வேடங்களில் வைக்கத் தக்கதல்ல. நாயகன் என்ற இடம் அவரிடமிருந்து தடுமாற்றத்தைப் பறித்துக்கொண்டது. மேடை அப்படிச் செய்யவில்லை. 1951இல் ‘டார்க்னஸ் அட் நூன்’ நாடகத்தில், தான் கட்டியெழுப்பிய புரட்சியே தன்னைச் சிறையில் தள்ளிய ருபஷோவாக, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ள உள்ளுக்குள் உடைந்துபோகும் மனிதனாக நடித்தார். பெய்னுக்கும் செபாஸ்டியனுக்கும் நெருங்கிய உறவுக்காரன் அவன். அதற்கு அவர் பெற்றது டோனி விருது, அதுவும் முதன்மை நடிகருக்கானது. சினிமா துணைப் பாத்திரத்தில் அடைத்துவைத்த அதே மனிதனை நாடகம் நடுமேடையில் நிறுத்தி, முழுப் பெயர் சொல்லி அழைத்தது.

துணை நடிப்புக்கான ஆஸ்கர் 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தொடங்கியது. முதல் ஏழு ஆண்டுகள் அந்தப் பிரிவில் வென்றவர்களுக்கு முழுச் சிலை கிடையாது, ஒரு பட்டயம் மட்டுமே. ரெய்ன்ஸை முந்தி அந்த விருதைப் பெற்றவர்கள் 1939க்குத் தாமஸ் மிட்செல், 1943க்குச் சார்ல்ஸ் கோபர்ன், 1944க்கு பாரி ஃபிட்ஸ்ஜெரால்ட், 1946க்கு ஹரால்ட் ரஸ்ஸல். ‘மிஸ்டர் ஸ்மித்’துக்குத் தோற்றதை என்னால் ஏற்க முடிகிறது; அந்த ஆண்டு மிட்செல் நடித்த பல படங்களில் எதற்குக் கொடுத்திருந்தாலும் தகும். போர்க்காலத்தில் ராணுவப் பயிற்சியின்போது இரு கைகளையும் இழந்த, தொழில்முறை நடிகரல்லாத ரஸ்ஸலுக்குக் கொடுத்ததில் ஒரு நாட்டின் நன்றி இருந்தது, அதையும் மதிக்கிறேன். நடிப்பை மட்டும் அளவாக வைத்தால், 1946இல் அமெரிக்கத் திரையில் முதன்மை, துணை என்ற பிரிவு பாராமல் எந்த ஆண் நடிகரும் செபாஸ்டியனுக்கு மேலாக எதையும் செய்யவில்லை என்பது என் தீர்ப்பு. 1967 மே 30 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ரெய்ன்ஸ் காலமானார். அதுவரையிலும் அதற்குப் பின்னும் அகாதெமி அவருக்கு எந்த விருதையும் வழங்கவில்லை.